கயிற்றுக்கு முன்னால் எனிட்

"இந்தக் கயித்த அவுக்குற வரைக்கும் நான் நகரமாட்டேன், தம்பி."

எனிட் குடையைப் புல்லில் ஊன்றினாள். ஆஷ்கூம்ப் கோட்டைப் புல்வெளியின் நடுவே தேவாலயத்துக்குப் போகும் பாதை ஊருக்குச் சொந்தம். ஆண்டுக்கு ஒருதரமாவது யாராவது நடந்தால்தான் அந்தச் சொந்தம் நிலைக்கும் என்று ஊரே நம்பியது. இந்த ஆண்டு ஒருவரும் நடக்கவில்லை. நாளை கோட்டையைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவிடுவார்கள். இன்று பார்த்துக் குறுக்கே கயிறு.

"தாண்டிப் போயிடுங்கம்மா. நான் பார்க்கல" என்றார் மேலாளர் கிரிம்ஷா.

"தாண்டினா திருட்டு. அவுத்தாதான் உரிமை."

"புதுப் பிரபுவோட உத்தரவு. நேத்து ராத்திரிதான் வந்து எறங்கினாரு. போன்லதான் சொன்னாரு, நானே இன்னும் அவர் முகத்தப் பார்க்கல."

"அவருக்கு முந்தியே இருக்கு பாதை."

ஒரு கோப்பைத் தேநீர் தந்தால் சமாதானமாவாள் என்று நினைத்தார் கிரிம்ஷா. எனிட் நின்றபடியே குடித்தாள். பின்னால் கிழிந்த கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம். ஆங்கிலேயர் முதுகைக் கண்டால் அதன் பின்னால் நிற்பார்கள். காரணம் கேட்பது மரியாதையில்லை.

'இங்கே வரிசை இல்லை' என்று கிரிம்ஷா பலகை வைத்தார். தூரத்தில் இருந்தவர்களுக்கு 'வரிசை' மட்டும் தெரிந்தது. ஓடி வந்தார்கள்.

கூட்டத்தை ஒதுக்கக் கம்பங்கள் நட்டார். அதோடு வரிசைக்கு அரசாங்கக் களையே வந்துவிட்டது. அது அகழியைச் சுற்றி, பாலம் தாண்டி, பேருந்து நிற்கும் இடம்வரை நீண்டது. கோட்டையைப் பார்க்க ஆளில்லை.

"முன்னாடி என்னய்யா தாமதம்?" என்று பின்னாலிருந்து குரல்.

"மழை வேற வருது. கயித்த அவுங்கய்யா!" என்று கத்தினார் கிழிந்த சட்டைக்காரர்.

"அப்படிக் கேளுங்க!" என்றாள் எனிட், திரும்பாமலே.

கிரிம்ஷா பிரபுவின் அறைக்கு ஓடிக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திரும்பி வந்து, வேலை போனாலும் போகட்டும் என்று கயிற்றை அவிழ்த்தார்.

எனிட் ராணிபோல் நடந்தாள். பின்னால் ஊரும் உலகமும் நடந்தது. தேவாலய வாசலில்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா குரல் குடுத்தீங்க. எந்த ஊரு நீங்க?"

கிழிந்த சட்டைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"இந்தக் கோட்டைதாங்க. கயிறு கட்டச் சொன்னவனே நான்தான். அதுக்காக, நின்ன வரிசைய பாதியில விட்டுட்டா போக முடியும்?"