இறக்குமதியான மெர்வ் மாமா

டப்போ,
சனிக்கிழமை மாலை

மகா கனம் பொருந்திய மெர்வ் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் டார்சி, விரலெல்லாம் பசை ஒட்டிய நிலையில், சகலருக்கும் அறிவிப்பது: வியாழன் மாலை தங்கள் மீசை விடுதலை பெற்றது. இங்கே அம்மா, நாய், நான் மூவரும் நலம். தாங்களும் தங்கள் லாரியும் நலமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என நம்புகிறேன்.

மீசை எங்கே சிறையிருந்தது என்பீர்கள். நீங்கள் கைக்காசைப் போட்டுப் பாடிய 'என் லாரிக்கும் அழத் தெரியும்' சிடியின் அட்டையில்தான். நான் பள்ளி விட்டதும் அடுக்கித் துடைக்கப் போகிறேனே, அந்த நொரீனின் சிடி கடையில், ஒரு பெட்டி நிறைய வாங்கி, ஒன்று முப்பது டாலருக்கு வைத்தார்கள். அப்புறம் இருபது, பத்து, ஐந்து என்று பழைய ஸ்டிக்கர் மேலேயே புதுசை ஒட்டி ஒட்டி, இரண்டு டாலர் தொட்டிக்கு வந்தபோது உங்கள் முகத்தில் தொப்பி மட்டும்தான் மிச்சம். தள்ளுபடி என்று போட்டதும் எல்லாரும் தள்ளிவிட்டுப் போனார்களே தவிர ஒருத்தரும் படியவில்லை. சனிக்கிழமைக்குள் விற்காவிட்டால் பெட்டி குப்பைக்கு என்று நொரீன் சொல்ல, நீங்கள் போனில், அப்படியானால் கிட்டாரை விற்றுவிடுகிறேன், இனி லாரி மட்டும்தான் என்று சொல்ல, அம்மா அன்றைக்கு உப்பே போடாமல் உருளைக்கிழங்கு வேகவைக்க, இதற்குமேல் சும்மா இருக்க நான் என்ன லாரியா?

நொரீன் வங்கிக்குப் போன நேரம் யூகலிப்டஸ் தைலம் தொட்டு எல்லா ஸ்டிக்கரையும் உரித்தேன். கடைக்கே மூக்கடைப்பு நீங்கிவிட்டது. நம்ம ஊர்க்காரன் பாடினால் இரண்டு டாலருக்கும் வேண்டாம், ஜப்பானில் அச்சான சிடி என்றால் முப்பத்தைந்தும் கொடுப்பார்கள் இல்லையா? அம்மாவின் நூடுல்ஸ் பாக்கெட்டுகளிலிருந்து ஜப்பான் எழுத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, அங்கிருந்து வரும் சிடிகளில் இருக்குமே, அதே மாதிரி ஓரத்தில் சுற்றி, 'இறக்குமதி, 35' என்று ஒட்டி, மேல் அடுக்கில் ஏற்றிவிட்டேன். முதலில் வந்தது நம்ம ரஸ்ஸல், உலகத்துப் பாட்டெல்லாம் தனக்குத்தான் முதலில் தெரியும் என்று திரிகிறவன். எடுத்தான், திருப்பினான், மோந்துகூடப் பார்த்தான்.

"இது எப்படா வந்துச்சு?"

"நேத்துதாண்ணே, கப்பல்ல."

"ஒசாகாவுல இந்த ஆளுக்கு நல்ல பேரு. உங்களுக்கெல்லாம் எங்கடா தெரியப்போகுது."

அவ்வளவுதான் மாமா. ரஸ்ஸல் வாங்கினான் என்றதும் ஊரே வந்தது. இன்று மதியம் பெட்டி காலி. நொரீன் கல்லாவை இரண்டாம் முறை எண்ணுகிறாள். வியாபாரம் என்றால் என்ன என்று இனி இந்த ஊர் என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கிட்டாரில் யாரும் கைவைக்கக் கூடாது, இது என் உத்தரவு.

தங்கள் டயர்கள் தேயாதிருக்கவும், வழியில் கங்காருக்கள் விலகி நிற்கவும் வாழ்த்தும்,
டார்சி

பி.கு. தபால்தலை வாங்க மறந்ததில் இன்று திங்கள் ஆகிவிட்டது. நேற்றுக் காலையில், ஜப்பானிலிருந்து எங்கள் பள்ளிக்குப் படிக்க வந்திருக்கும் மயூமி கடைக்கு வந்து, யாரோ கையில் வைத்திருந்த பட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டாள்: "மூணு நிமிஷம் கொதிக்க விடவும். முட்டை உங்க இஷ்டம்." சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில். கடைக் கண்ணாடி முழுக்க நான்தான் துடைக்கிறேன். ரஸ்ஸல் மட்டும் வரவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்க நொரீன் என்னை அனுப்பினாள். அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்தான்.

"அது உன் மாமன்னு எனக்கு மொதல்லயே தெரியும்டா. போன கிறிஸ்துமஸ்ல கிளப்புல பாடினாரே, அந்த மூணாவது பாட்டு வேணும்னு அப்பலேர்ந்து அலையறேன். நான் போய் ரெண்டு டாலர் தொட்டியில கைய விட்டா நாளைக்கு ஊர்ல எவன் என்னை மதிப்பான்? காசெல்லாம் வேணாம், போ."

ஆக, நான் ஏமாற்றியவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மாமா. வைத்துக்கொண்ட ஒரே ஆளை நான் ஏமாற்றவே இல்லை. மேலே கிட்டாரைப் பற்றிப் போட்டது உத்தரவு அல்ல, கெஞ்சல் என்று திருத்தி வாசிக்கவும்.