ஓரடி பின்னால்

"மச்சான், மறுபடியும் காலைப் பின்னால வெச்சே!"

பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் கோல்கம்பத்துக் காக்கை வேறு மைதானம் பார்த்துப் பறந்தது. விசிலும் ஸ்டாப்வாட்சும் அவர் கையில் ஒரே நொடியில் வேலை செய்யும். கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடி முடிக்க மற்றவர்களுக்கு ஆறு விநாடி. அவர் மனைவியின் தம்பிக்கு மட்டும் ஏழு. அணிப் பட்டியலை முடிவு செய்ய மன்றச் செயலாளர் குடையோடு வந்து உட்கார்ந்தாயிற்று. "என் தம்பி பேர் இல்லாம வீட்டுக்கு வந்துடாதீங்க" என்று மனைவி வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"முன்னால ஓடுறவனுக்குப் பின்னால என்னடா வேலை? அங்கதான் ஒரு விநாடி போகுது."

"தெரியாம வருது மாமா."

குதிகாலுக்குப் பின்னால் செங்கல் ஒன்றை வைத்து விசில் ஊதினார். மச்சான் செங்கல்லை உதைத்து, காலைத் தடவிவிட்டுக்கொண்டு ஓடினான். எட்டு.

காலை மாற்றி நிற்கச் சொன்னார். மச்சான் எதிர்ப்பக்கம் கிளம்பி, செயலாளரின் குடையைச் சுற்றி வந்தான். ஒன்பது.

"சரி, கிளம்பும்போது சின்னதா ஒரு குதி குதிச்சுட்டு ஓடு."

மூன்று குதித்தான். பதினொன்று.

"ஏன் சார், இவர்தான் உங்க மச்சானா?" என்றார் செயலாளர்.

பயிற்சியாளரின் காதுமடல் இரண்டிலும் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம், அவ்வளவு சூடு.

"மத்தவங்களைப் பார்த்தாவது கத்துக்கோடா!"

மற்ற பதினெட்டுப் பேரும் வரிசையில் நிற்கும்போது தலைகுனிந்து, அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு மரியாதை! இவன் ஒருவன்தான் மாமா முகத்தையே வெறித்துக்கொண்டு நிற்பான்.

"என்னால உங்க மானமே போச்சு மாமா" என்று மச்சான் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். பயிற்சியாளர் செயலாளரிடம் பேனாவை வாங்கி, பட்டியலில் அவன் பெயரைத் தன் கையாலேயே அடித்தார்.

எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்த மைதானத்து வேலைக்கார அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தத் தம்பியை ஏன் சார் திட்டுறீங்க? நாள் பூரா குனிஞ்சே வேலை பாக்குறவ நான், எனக்குக் காலுதான் தெரியும். விசில் ஊதுறதுக்கு முன்னாடி உங்க வலது கால் ஓரடி பின்னால போகுது."

பதினெட்டுப் பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். பயிற்சியாளருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"அதைப் பாத்துத்தான் சார் இவங்க எல்லாம் கிளம்புறாங்க. விசில் கேட்டு ஓடுறது அந்தத் தம்பி ஒருத்தர்தான்."