நீலப் பேஸ்ட்டின் முதலாளி

இன்றைக்கும் தன்னுடைய பேஸ்ட் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டிருப்பதைக் கண்டதும் லிப்ட்காரருக்குக் காது வழியாகப் புகை வந்தது. நேற்றுத்தான் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் நீலப் பேஸ்ட்டுகளைத் தன் கையாலேயே முன்வரிசையில் அணிவகுத்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இப்போது அவையெல்லாம் சுவரோரம் போய் நிற்க, முன்னால் சிவப்புப் பேஸ்ட்டுகள் இளித்துக்கொண்டிருந்தன.

அவர் அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் அல்ல. பேஸ்ட் வியாபாரியும் அல்ல. சொல்லப்போனால் பேஸ்ட்டே அவருக்கு அவ்வளவாகத் தேவையில்லை. வாயில் சொந்தப் பல் நாலு இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் ராத்திரியில் டம்ளருக்குள் தூங்குபவை. ஆனாலும் அந்த நீலப் பேஸ்ட் கம்பெனிக்கு அவர் ஒரு முதலாளி. கம்பெனியை யானை என்று வைத்துக்கொண்டால், அதன் வால் நுனி முடியில் ஒட்டிய தூசியில் பாதி இவருடையது.

முதலாளியான கதை இப்படி. ஆயுள் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் தான் வேலை பார்த்த லிப்ட் கம்பெனியின் பங்கிலேயே போட்டுவிட்டார். பங்கும் லிப்ட் மாதிரி ஏறியது, இறங்கியது. அவருடைய ரத்த அழுத்தமும் கூடவே சவாரி செய்தது. ஒருநாள் பங்கு கயிறு அறுந்தாற்போல் விழ, இவர் சோபாவில் விழுந்தார்.

மனைவி ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, பணம் முழுவதும் நாளைக்கே பாங்க் டெபாசிட்டுக்குப் போகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் தீர்ப்புச் சொன்னால் டாக்டர்களே எழுந்து நின்ற காலம் உண்டு.

நல்லவேளையாகக் கணக்காளரான மகள் குறுக்கே வந்தாள். “எல்லாரையும் ஒரே லிப்ட்ல ஏத்துவீங்களாப்பா? பணத்தை மட்டும் ஏன் ஏத்துனீங்க?” என்றாள். அவள் சொன்ன யோசனை, பல நாட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு ஃபண்ட். அதிகம் ஆடாத, ஒழுங்காக டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனிகளாகப் பார்த்துப் பொறுக்கியது. நல்ல காலமோ கெட்ட காலமோ, உலகத்தில் எவனும் பல் தேய்ப்பதையும் மாத்திரை போடுவதையும் விளக்குப் போடுவதையும் நிறுத்தமாட்டான்; இங்கே சந்தை சரிந்தால் எல்லா தேசமும் அதே வேகத்தில் சரியவேண்டும் என்றும் இல்லை. ஆடவே ஆடாது என்று சொல்லமாட்டேன், குறைவாக ஆடும் என்றாள்.

மனைவி ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். முதல் டிவிடெண்ட் வரும்வரை தினமும் காலையில் அழுத்தம் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை எகிறினாலும் பணம் பாங்க்குக்கு.

“உன் பணத்தையும் இதுல கொஞ்சம் போடேன்” என்று அவர் ஆசை காட்டினார்.

“ஐயோ சாமி. என் பணம் பாங்க்ல நிம்மதியா தூங்குது. அதை எழுப்பாதீங்க.”

ஃபண்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆடவே காணோம். லிப்ட்காரர் போனைத் திறந்து திறந்து பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்ட் மாதிரி அது அப்படியே நின்றது. வாழ்நாளெல்லாம் ஏற்ற இறக்கத்திலேயே சோறு தின்ற மனுஷன், இந்த அமைதியை எப்படித் தாங்குவார்? பொழுது போகாமல், ஃபண்டுக்குள் என்னென்ன கம்பெனி இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தார். அங்கே வந்தது வினை. கடைவீதியில் தினமும் பார்க்கிற நீலப் பேஸ்ட்டின் கம்பெனி அதில் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. எங்கோ கடல் தாண்டி இருக்கும் மின்சாரக் கம்பெனிக்கு அவரால் உதவ முடியாது. மருந்துக் கம்பெனிக்காக வியாதியை வரவழைத்துக்கொள்ளவும் முடியாது. பேஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாலு பேர் கூட வாங்கினால் நாலு காசு கூட டிவிடெண்ட் என்று கிளம்பிவிட்டார்.

முதலில் முன்வரிசையில் வைத்துப் பார்த்தார். மறுநாள் பின்னால் போயிருந்தது. சிவப்பையெல்லாம் அள்ளி ஃபினாயில் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்தார். மறுநாள் சிவப்பு சிம்மாசனத்தில் இருந்தது. நீலத்தைத் தேடு தேடென்று தேடியதில், நாய் பிஸ்கட் மூட்டைக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. இது கடைக்காரர்கள் வேலை இல்லை, போட்டிக் கம்பெனி ஆள் வைத்து நடத்தும் சதி என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

வீட்டில் இதை ஜாடையாகச் சொன்னபோது மகளுக்குத் தண்ணீர் புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

எதிரி வலியவன் என்றதும் தானே வாங்கித் தள்ளுவது என்று இறங்கினார். குளியலறை நிரம்பி, செருப்பு அலமாரி நிரம்பி, கட்டிலுக்கடியிலும் பேஸ்ட் வந்துவிட்டது. ஏது இத்தனை என்று மனைவி கேட்டதற்கு, ஆஃபரில் போட்டார்கள் என்றார். அவள் அந்த நீலப் பெட்டிகளைச் சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல், பையை எடுத்துக்கொண்டு சாயங்கால வாக்கிங்குக்குப் போனாள். வாக்கிங்குக்குப் பை எதற்கு என்று கேட்கக்கூட அவருக்கு ஒழிவில்லை. டிவிடெண்டில் வரப்போவதைப்போல் பத்து மடங்கு பேஸ்ட்டிலேயே கரைந்துவிட்டதைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பட்டையைச் சுற்றிய மனைவி புருவத்தை உயர்த்தினாள். “விளிம்புல நிக்குது. நாளைக்கு ஒரு புள்ளி ஏறுனாலும் பாங்க்தான்.”

“மாடிப்படி ஏறி வந்தேன், அதான்.”

“எனக்கே இப்பல்லாம் படபடன்னுதான் வருது. வாக்கிங்ல வேகம் ஜாஸ்தி போல” என்று அவள் தன் கைக்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். என்ன காட்டியது என்று சொல்லாமல் மிஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இன்று ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்றுதான் அவர் கடைக்கு வந்திருந்தார். வந்து பார்த்தால் மறுபடியும் இந்தக் கோலம். பேரன் விட்டுப்போன தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். சிவப்புப் பேஸ்ட் முழுவதையும் இரண்டு கையாலும் அணைத்து எடுத்தார். இந்தத் தடவை எந்த ஜென்மத்துக்கும் கிடைக்கக்கூடாது. கடைக்கோடியில் இருந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, மீன் பாக்கெட்டுகளைத் தோண்டி, ஒவ்வொன்றாகப் புதைத்தார். புதைக்கப் புதைக்க அவருக்கு இருபது வயது குறைந்தது. கடைசிப் பெட்டிக்கு மேல் ஒரு பெரிய மீனை வைத்து மூடியபோது, தோளில் ஒரு கை விழுந்தது.

மீசைக்கார செக்யூரிட்டி. கேமராவில் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மேனேஜர் ரூமுக்கு வரவேண்டும் என்றான்.

“தம்பி, தப்பா நினைக்காதே. நான் திருடன் இல்லே. இந்த நீலப் பேஸ்ட் கம்பெனிக்கு நான் ஓனர்.”

செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். தொப்பியில் ஒரு வாத்துப் படம் இருந்தது. முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

லிப்ட்காரர் நடந்துகொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டார். விஷயம் வீட்டுக்குப் போனால் நாளைக் காலை பட்டையே தேவையில்லை. பணம் இன்றைக்கே பாங்க்குக்குப் போய்விடும். நீலமும் போச்சு, மின்சாரமும் போச்சு, கடல் தாண்டிய முதலாளிப் பதவியும் போச்சு. மேனேஜர் ரூம் வாசலில் அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன வேணா பண்ணுப்பா. அத்தனை மீனையும் நானே வாங்கிக்கறேன். என் சம்சாரத்துக்கு மட்டும் போன் போட்டுடாதே.”

செக்யூரிட்டி கதவில் கை வைத்தபடி பெருமூச்சு விட்டான். “உள்ளே ஏற்கெனவே ஒரு ஓனரம்மா உட்கார்ந்திருக்காங்க சார், சிவப்புப் பேஸ்ட்டுக்கு. ‘எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவருக்கு பிரஷர் ஏறிடும்’னு அரைமணி நேரமா அவங்களும் இதையேதான் சொல்லிட்டிருக்காங்க.”