வேப்ப மெஷின்

மயூர் விஹார், டெல்லி.

லதாவின் மூத்த அண்ணனும், லண்டனில் எனக்கிருக்கும் ஒரே தெய்வமுமான மச்சான் பச்சைமுத்து அவர்களுக்கு, சதாசிவம் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. வாட்ஸாப்பில் எழுதப் பயந்து தபாலில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

லோதி ரோடு சர்க்கார் ஆபீஸ் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்றதும், "சிகரெட்டைச் சட்டுன்னு விட முடியாது மாப்ள, கொஞ்சம் கொஞ்சமா வேப்புக்கு மாறிடுங்க" என்று அந்த மாம்பழ வாசனை எலக்ட்ரானிக் சிகரெட்டை ஆள் மூலம் அனுப்பி வைத்தீர்கள். இங்கே அதற்குத் தடை என்பது, அதை வாயில் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரிடையர் ஆக ஒரு வருஷம்தான் இருக்கு மச்சான், பென்ஷன் போனால் நானும் உங்கள் தங்கையும் எங்கே போவோம்? அதனால் அதை இழுத்தால் பயம் வருகிறது, பயம் வந்தால் சிகரெட் பிடிக்கிறேன், சிகரெட் பிடித்தால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் மறுபடி அதை இழுக்கிறேன்.

போதாக்குறைக்கு பாத்ரூமில் லதாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். "என்னங்க இது?" என்றாள். நாக்கு குழறி, "வே... வேப்பு" என்றேன். "வேப்பெண்ணெயா?" தலையை ஆட்டிவிட்டேன். "மாம்பழ வாசமில்ல அடிக்குது?" "அது வேப்பம்பழம்." நம்பிவிட்டாள்! நம்பினவள் சும்மா இருந்தாளா? அதற்குக் குங்குமம் வைத்து மாரியம்மன் படத்தடியில் வைத்துவிட்டு, ஃப்ளாட் சொசைட்டி முழுக்க இருமலுக்குக் கைகண்ட 'நீம் மெஷின்', அதாவது வேப்ப மெஷின் என்று தம்பட்டம் அடித்து, மாடி வீட்டு நரேன்ஜியிடமும் சொல்லிவிட்டாள். நரேன்ஜி யார் தெரியுமா? போலீஸ் இன்ஸ்பெக்டர்! சிகரெட் இருமலில் தவிக்கிற மனுஷன். "அச்சா பாபிஜி, சண்டே வந்து பார்க்கிறேன்" என்றாராம். வாசலில் பெல் அடித்தால், பால்காரப் பையாவே ஆனாலும், என் இரண்டு கையும் தானாக மேலே போகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இன்று சாயங்காலமே அதை யமுனையில் போடுகிறேன். இனி அதுவும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். நீங்களும் தயவுசெய்து சாக்லேட்கூட அனுப்பாதீர்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

நடுக்கத்துடன்,
சதாசிவம்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் நரேன்ஜி இன்றே வந்துவிட்டார். லதா மாரியம்மனை வேண்டிக்கொண்டு அதை எடுத்து நீட்ட, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "வாஹ்! நீம் இத்னா மீட்டா!", வேம்பு இவ்வளவு இனிப்பா என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனிமே எனக்கு எதுக்கு?" என்று தம் சிகரெட் பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டார். ஆக, நீங்கள் சொன்னபடி ஒருவர் மாறிவிட்டார்; நான்தான் மாறவில்லை. அனுப்பியது யார் என்று கேட்டார். பயத்தில் உங்கள் பெயர், விலாசம், தை மாதம் எந்த ஃப்ளைட்டில் வருகிறீர்கள் என்பதுவரை உளறிவிட்டேன். "ஏர்போர்ட்டுக்கு நானே ஜீப்பில் போகிறேன்" என்கிறார். வரவேற்கவா, வேறெதற்காவதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை மச்சான்.