பின்சக்கரமும் மாமனாரும்

அம்மிக் குழவியால் பதினேழாவது தடவை ஓங்கித் தட்டியும் பிரேக் டிரம் எள்ளளவும் அசையவில்லை. பிரவின்குமார் குழவியைத் தரையில் வைத்துவிட்டு, காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

கண்ணாடிக்குள் மாமனார் சுப்புராமனின் முகம் தெரிந்தது. டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் கடித்து, புருவத்தைச் சுளித்து, நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நட்டு கழற்ற ஆரம்பித்தபோது ஏறி உட்கார்ந்த மனிதர், இன்னும் இறங்கவில்லை.

"போச்சு, மாமாவுக்குக் கோபம்," என்று பிரவின்குமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? சாயங்காலம் நான்கு மணிக்கு மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் அவருக்குப் பாராட்டு விழா. கல்பாக்கத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஒரு நாள் தாமதம் கிடையாது, ஒரு தப்பு கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மாலை போடப் போகிறார்கள். "கார் அனுப்பட்டுமா?" என்று அவர்கள் போனில் கேட்டதற்கு, "வேண்டாம்ப்பா, என் மாப்பிள்ளை வண்டியில வர்றேன்," என்று சொல்லிவிட்டார்.

அதைப் பிரவின்குமார் அடுத்த அறையிலிருந்து கேட்டான். கல்யாணமாகி எட்டு வருடம். இதுவரை அவன் 'ரோகிணி வீட்டுக்காரர்'தான். 'என் மாப்பிள்ளை' என்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. கேட்டதும் தலைகால் புரியவில்லை. "மெக்கானிக் எதுக்கு, நானே பாத்துக்கறேன்," என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அந்த சந்தோஷத்தில்தான்.

மாமாவிடம் அவனுக்கு இருந்தது வெறும் மரியாதை இல்லை, பக்தி. மிக்ஸி வாங்கினால்கூட அதனோடு வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று பிரவின்குமார் வாயைப் பிளப்பான். அப்பேர்ப்பட்டவரிடம் ஒரே ஒரு தடவை 'சபாஷ்' வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

வண்டிக்கு வந்த வியாதியும் பெரிதில்லை. முட்டுக்காட்டில் வீடு எடுத்தால் கடற்காற்று இலவசம், துருவும் இலவசம். படூர் ஆபீசில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதால் ஐந்து வாரம் நின்ற இடத்திலேயே நின்ற கார், காலையில் எடுத்தபோது பின்சக்கரத்தில் ஒரு பக்கம் கிறீச்சிட்டது, இழுத்துப் பிடித்தது. டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கும் துருவைத் தேய்த்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். சக்கரத்தைக் கழற்றினால் வாணலியைக் கவிழ்த்தாற்போல ஓர் இரும்பு மூடி இருக்குமே, அதுதான் டிரம். வீடியோக்காரர் அதைக் குக்கர் மூடியை எடுப்பதுபோல நான்கே நிமிடத்தில் எடுத்தார்.

பிரவின்குமார் பதினொரு மணிக்கு ஆரம்பித்தான். இப்போது பன்னிரண்டு.

"என்னங்க, என் குழவி உடையப் போவுது," என்று ரோகிணி வாசலிலிருந்து சொன்னாள். "அப்பா, வெயில்ல கார்ல என்ன பண்றீங்க? உள்ள வந்து ஃபேனடியில உக்காருங்க."

"வேலை நடந்துட்டு இருக்கும்மா," என்றார் சுப்புராமன் தலையைத் திருப்பாமலே.

"வேலை அவர்தானே பண்றாரு?"

"ரெண்டு பேரும்தான் பண்றோம்."

பிரவின்குமார் குழவியை மறுபடி கையில் எடுத்தான். கூட இருந்து பார்த்துக்கொள்வதையே வேலை என்று சொல்கிறாரே! என்ன பெருந்தன்மை!

தட்டுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் வந்தார். மீன்பிடி போட்டுகளுக்கு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, கல்லால அடிச்சிகினு கீற? ஹேண்ட்பிரேக்க எறக்கினியா?"

பிரவின்குமார் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். "மாமா, ஹேண்ட்பிரேக்?"

"இறக்கியாச்சு. மூணு தடவை செக் பண்ணிட்டேன்," என்றார் சுப்புராமன். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"பார்ட்டி விவரமான ஆளுதான்," என்று கண்ணாயிரம் மெச்சிக்கொண்டார். "அப்ப இது உப்புத் துருதான். டீசல ஊத்தினா கயண்டுரும்."

அரை லிட்டர் டீசல் ஊற்றினார்கள். டிரம் குடித்துவிட்டு கம்மென்று இருந்தது. மிச்சம் தரையில் ஓடி, காலையில் ரோகிணி போட்ட கோலத்தில் பாதியைக் கரைத்தது. பிரவின்குமார் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கை வழுக்கி மல்லாக்க விழுந்தான்.

எழுந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தான். மாமா கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்தார். பிறகு இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தார்.

"பாக்கவே சகிக்கல போல இருக்கு அவருக்கு," என்று பிரவின்குமார் முணுமுணுத்தான். "கண்ணாயிரம் அண்ணே, வேற வழி சொல்லுங்க. சீக்கிரம்."

"கீது. டிரம்முல ரெண்டு ஓட்ட கீது பாரு? அதுல ரெண்டு போல்ட்டு வச்சி மாத்தி மாத்தி முடுக்கினா, உள்ள முட்டிகினு டிரம்மு தன்னால வெளிய வந்துரும்."

அந்த அளவு போல்ட்டு வீட்டில் இரண்டே இரண்டுதான் இருந்தது. அவை துணி காயப்போடும் ஸ்டாண்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. பிரவின்குமார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கழற்றிக்கொண்டு வந்தான். பின்னாலேயே தடாலென்று ஒரு சத்தமும், வீட்டு வேலை செய்யும் கண்ணகியின் குரலும் வந்தன.

"இன்னா சாரு இது அநியாயம்? இப்பத்தான தோச்சிப் போட்டேன், அத்தினி துணியும் மண்ணுல கெடக்குது!"

"அப்புறம் பேசிக்கலாம் கண்ணகி, மாமாவோட மானப் பிரச்சினை!"

முதல் போல்ட்டு உள்ளே போனது. இரண்டாவதும் போனது. கண்ணாயிரம் மாற்றி மாற்றி முடுக்கினார். டிரம் லேசாக முனகியது. பிரவின்குமார் இன்னும் கிட்டக் குனிந்தான்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து," என்றார் கண்ணாயிரம்.

டப்! போல்ட்டின் தலை தனியே பறந்து போய்ப் பூந்தொட்டியில் விழுந்தது. உடம்பு ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இன்னொன்றும் அடுத்த சுற்றில் அதே வழிக்குப் போனது.

கண்ணாயிரம் டிரம்மைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "இருவது வருசமா இஞ்சின் பாக்குறேன். இந்த மாரி ஒரு பிடிய நான் பார்த்ததே இல்ல. கம்பெனிக்காரன் இன்னாமா செஞ்சிகீறான்யா!"

"வெந்நீர் ஊத்தினா இரும்பு விரியும்னு வீடியோல சொன்னாங்க," என்றான் பிரவின்குமார்.

குளிக்கக் காய்ச்சும் பெரிய பானையில் வெந்நீர் கொதித்து வந்தது. ஊற்றினார்கள். ஆவி புஸ்ஸென்று எழும்பி பிரவின்குமாரின் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. டிரம் குளித்துவிட்டுப் பளபளவென்று அங்கேயே இருந்தது. கோலத்தின் மறுபாதியும் போனது.

கண்ணாயிரத்துக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. தெருவில் போன நான்கு மீனவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "டேய், போட்டு இழுக்குற கவுற எட்தாங்கடா! ஒரு டிரம்மு நம்மளுக்கே தண்ணி காட்டுது!"

கயிறு வந்தது. டிரம்மைச் சுற்றிக் கட்டினார்கள். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பிரவின்குமார் முன்சக்கரங்களுக்கு வைத்த செங்கலைச் சரிபார்த்தான். கழற்றிய சக்கரத்தை, வீடியோவில் சொன்னபடியே, காருக்கு அடியில் படுக்கப் போட்டான். பிறகு ஜன்னலுக்கு ஓடினான்.

"மாமா, ஜாக்கியில நிக்கற வண்டி. இழுக்கப் போறாங்க. தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

"வேலை முடிஞ்சுதா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப நான் இறங்கறது சரியில்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க."

குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று பிரவின்குமார் நினைத்தான். அடக்கிக்கொண்டும் 'மாப்பிள்ளை' என்கிறாரே என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆறு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். "ஓய்... இழு!" என்று கண்ணாயிரம் குரல் கொடுத்தார். ஒரு இழு, இரண்டு இழு. மூன்றாவது இழுப்பில் அசைந்தது. டிரம் இல்லை, கார். ஜாக்கி சாய்ந்து, வண்டி தொம்மென்று அடியில் கிடந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது. இழுத்த ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள்.

"அப்பா!" என்று ரோகிணி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

சுப்புராமன் மூக்கு நுனிக்கு வந்திருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மற்றபடி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நடக்கட்டும்," என்றார்.

மீனவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். "இன்னா மனுசன்பா இவுரு!" என்றார் ஒருவர். "வண்டியே வுயுந்துட்ச்சு, சீட்ட வுட்டு எறங்கலியே! இப்டி ஒர்த்தர் போட்டுல இருந்தா புயல்லகூட தைரியமா போலாம்."

"டிரம்மும் அப்டி, ஆளும் அப்டி," என்று கண்ணாயிரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு டிரம்முக்கா மாமாவுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

மணி ஒன்றரை. கூட்டம் மெல்லக் கலைந்தது. பிரவின்குமார் வாசல்படியில் உட்கார்ந்தான். கையெல்லாம் டீசல், சட்டையெல்லாம் துரு, முழங்கையில் சிராய்ப்பு. ரோகிணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மோர் டம்ளரைக் கண்ணகியிடம் கொடுத்துக் காருக்கு அனுப்பினாள்.

"டாக்ஸி சொல்லிடு ரோகிணி," என்றான். "என்னால முடியல."

"விடுங்க. டிரம்மு போனா போவுது."

"டிரம்மா? டிரம்ம யாரு கேட்டா? உங்கப்பா எட்டு வருஷம் கழிச்சு என்னை நம்பி நாலு பேர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு. அதக் காப்பாத்தத் தெரியலையே எனக்கு. அவர் மூஞ்சியப் பாத்தியா? நானும் காலையிலேர்ந்து பாக்கறேன், நிமிஷத்துக்கு நிமிஷம் சுருங்கிட்டே போவுது. திட்டினாக்கூட பரவால்ல. வாயத் திறக்காம பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்காரே, அதத்தான் என்னால தாங்க முடியல."

"அப்பா அப்படிப்பட்டவர் இல்லீங்க."

"எனக்குத் தெரியும், அவர் எப்பேர்ப்பட்டவர்னு. அவருக்கு நான்தான் சரியா அமையல."

ரோகிணி அவன் முழங்கையிலிருந்த துருவைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

காலி டம்ளரோடு கண்ணகி திரும்பி வந்தாள். துணி விழுந்த கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. டம்ளரைப் படியில் ணங்கென்று வைத்தாள்.

"சாரு, பெரியவரு உன்னாண்ட ஒண்ணு கேட்டுகினு வரச் சொன்னாரு."

பிரவின்குமார் எழுந்து நின்றான். "கோபமா இருக்காரா?"

"கோவமா? இந்த மாரி பாடுபடுற புள்ள லட்சத்துல ஒண்ணுன்னு சொல்லிகினு கீறாரு."

"பின்ன ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்காரு?"

"ரெண்டு காலும் மரத்துப் பூட்ச்சாம் சாரு. நட்டு கயட்டசொல்ல வீலு சுத்தாம இருக்கணும், நான் சொல்ற வரைக்கும் பிரேக்க மிதிச்சிகினே இருங்கன்னு காலைல சொன்னியாமே, மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்போலேர்ந்து மிதிச்சிகினே கீறாராம், இப்பவாச்சும் கால எட்த்துக்கலாமான்னு கேக்குறாரு!"