மூன்று மைல் ஓடிய தாய்மாமன்

வாலிபத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. ஓட்டம். கடைக்குப் போனாலும் ஓட்டம், கிணற்றுக்குப் போனாலும் ஓட்டம். வழியில் எதையும் பார்ப்பதில்லை, யாரையும் பார்ப்பதில்லை. சாவகாசமாக நடப்பவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். (இப்போது என் நடையைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுகிறார்கள். அது வேறு விஷயம்.)

இரண்டாவது ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தி, குமுளி மலையில் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. அக்காவை வீரபாண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய மகனுக்குக் கோயிலில் வைத்து மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். "நீ நேரத்துக்கு வரலைன்னா எங்க மாமியா வீட்டாளுக முன்னால நான் தலகுனிஞ்சு நிக்கணும்டா" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் ராகு காலம்.

தங்கக் கடுக்கன் ஒரு ஜோடி வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு விடியலிலேயே மலையை விட்டு இறங்கினேன். கம்பத்தில் பஸ் ஏறினேன். சின்னமனூர் வரை அது பஸ்ஸாகத்தான் இருந்தது. கோட்டூர் தாண்டியதும் முன்னாலிருந்து புகை விட்டு அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, பீடி பற்றவைத்தார். அவர் பீடி பற்றவைத்த தோரணையிலேயே எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. கோயிலுக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டினேன். ஓடினேன்.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஐயா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு அம்மா பதறினாள். இன்னொரு இடத்தில் ஒருவர் "களவாணி! பிடிங்கடா!" என்று கொஞ்ச தூரம் துரத்தவும் செய்தார். (அதனால் வேகம் கூடியது, அவருக்கு நன்றி.) எதிரே வந்த மாட்டுவண்டியிலிருந்து யாரோ "மாப்ளே! மாப்ளே!" என்று கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் ரோட்டில் நின்று மாப்ளே என்றால் பத்துப் பேர் திரும்புவார்கள். நான் திரும்பவில்லை. என்னைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு வந்த மச்சான் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோயில் மரத்தடியெல்லாம் கூட்டம். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"மலையில இருந்தா வாரீக?"

தலையாட்டினேன்.

"தாய்மாமனா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"மாமன் வந்துட்டாக! ஏ, மாமன் வந்துட்டாக!"

மாலை விழுந்தது. மனைப்பலகையில் உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் போட்டார்கள். மருமகனைப் பிறந்த ஏழாம் நாள் பார்த்ததோடு சரி. சுற்றி நின்ற முகம் ஒன்றும் தெரியவில்லை, அக்காவின் புகுந்த வீட்டார் என்று நினைத்துக்கொண்டேன். குத்துவதைப் பார்க்க மாட்டாமல் முந்தானையால் முகத்தை மூடித் திரும்பி நின்றவள் அக்காதான் என்றும் நானே முடிவு செய்தேன். காது குத்த வந்த பத்தர் கடுக்கன் கேட்டார், கொடுத்தேன். ஒரு காது முடிந்தது. மறு காதும் முடிந்தது. குழந்தை வீறிட்டு அழுது என் வேட்டியையும் நனைத்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அப்போதுதான் அடுத்த வேப்பமரத்தடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏலே! அங்கன யாரு பிள்ளைய மடியில வச்சிருக்க?"

அக்கா! அவள் இடுப்பில் என் மருமகன். அவனுக்கும் மொட்டை, அவனுக்கும் சந்தனம்.

முந்தானையை விலக்கிய பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பெயர் ராசாத்தி. "அப்ப நீங்க மலையில இருக்க எங்க பெரியப்பா மகன் இல்லையா?" என்றாள். சின்ன வயதில் பார்த்த அண்ணனாம், வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாராம். அவர் கடைசிவரை வரவில்லை.

"கடுக்கனக் கழட்டுங்க!" அக்கா பத்தரிடம் பாய்ந்தாள். பத்தரோ, "பச்சப் புண்ணும்மா. பிள்ள தாங்காது" என்று கையை விரித்துவிட்டார். பத்தரைக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அக்காவின் மாமியார் வீட்டார் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூமி பிளந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

ராசாத்தி தன் காதிலிருந்த சின்னக் கம்மலைக் கழற்றி நீட்டினாள்.

"இதப் போட்டுக் குத்துங்கக்கா. கூடப் பொறந்தவுகன்னு எனக்கு ஒருத்தரும் இல்ல. இவுக ஓடியாந்ததப் பாத்ததும், எனக்காக இப்பிடி ஓடியார ஒரு ஆளு இருக்காகளேன்னு அழுதுட்டேன்."

அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "சரி ஆத்தா, அழுகாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். இவனும் அழுதான், இவனும் நனைத்தான். நேரத்துக்குள் முடிந்தது. என் மருமகன் ஒரு வருஷம் பொம்பளைக் கம்மலோடுதான் திரிந்தான்.

அன்றிலிருந்து ராசாத்திக்கு நான் அண்ணன். பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு வீட்டுக்கும் சீர் கொண்டுபோனேன். கால் மணி நேரம் பேசினால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் உறவு வந்துவிடும், தூரத்துச் சொந்தம் என்றும் கண்டுபிடித்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரே ஒரு மகள் பிறந்தாள். அவள் பெரியவளாகி வரன் பார்க்கும் நேரத்தில் அக்காவும் ராசாத்தியும் ஒரே நாளில் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"என் தம்பி மக, எனக்குத்தான் உரிமை" என்றாள் அக்கா.

"அண்ணன் மடியில மொதல்ல உக்காந்தது என் மகன்தானக்கா" என்றாள் ராசாத்தி.

தலையைச் சொறிந்துகொண்டு மகளிடம் கேட்டேன். "ராசாத்தி அத்தை மகன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அக்கா ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீ அன்னைக்கே முடிவு பண்ணிட்டியேடா!"

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மருமகன் தங்கமான பையன். வீட்டில் சொல்கிற வேலையை மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அப்போதெல்லாம் என் மகள் அவரை விட்டுவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

"அன்னைக்கு உங்க மடியிலதானப்பா காது குத்துனாக? ஓட்டை சரியா விழுந்துச்சான்னு பாத்தீகளா, இல்லையா?"