கிராங்கில் குறைத்த நாலு கிலோ

“பதினாறு கிலோ முந்நூறு,” என்று றெனால்ட் தராசைப் பார்த்துச் சொன்னான்.

அது மீன் நிறுக்கிற தராசு. தாழ்வுபாட்டுக் கரையில் இருக்கிற மீன் வாடியிலிருந்து இரவலாக வந்தது. அதில் மீனுக்குப் பதிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய ஒஸ்ரின் காரின் கிராங், அதாவது எஞ்சினின் வயிற்றுக்குள் கிடந்து சுழல்கிற இரும்புத் தண்டு.

“மாமா, இவ்வளவு பாரத்தையும் சுத்திக்கொண்டு கார் எப்பிடி ஓடும்? நாலு கிலோவைச் சீவி எறிஞ்சால் பறக்கும்.”

றெனால்ட் வள்ளங்களுக்கு மிசின் திருத்துகிறவன். சீறிப் பாயாத எதையும் அவன் எஞ்சின் என்றே ஒத்துக்கொள்ளமாட்டான்.

அமிர்தநாயகம் தலையைச் சொறிந்தார். சொந்தக் கார் என்றால் இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். இது பக்கத்து ஊர் தாராபுரத்தில் இருந்த கூட்டாளி வஸீரின் கார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் உத்தரவு போட்டபோது, வள்ளம் ஏறப் போகிற அவசரத்தில் வஸீர் கார்ச் சாவியை இவர் கையில் வைத்துப் பொத்திவிட்டு, வாயில் ஒரு சொல் வராமல் அழுதுகொண்டு போனவர். பிறகு ஆள் எங்கே என்றும் தெரியாது, கடிதமும் இல்லை.

அன்றிலிருந்து அமிர்தநாயகம் காவல்காரன் ஆகிவிட்டார். தாங்களும் சண்டைக்குத் தப்பி மடுவுக்கு ஓடினபோது எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி வீட்டு வளவுக்குள் குழி வெட்டித் தாட்டார். திரும்பி வந்து கிண்டியெடுத்துப் பூட்டினார். மாதம் ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பார்த்துவிட்டு நிற்பாட்டுவார். மகள் ஜெனுஷாவைக் கலியாணத்துக்குக் கோயிலுக்கு ஏற்றிப்போனதுகூட உழவு மிசினில்தான். “ஆற்றையோ சாமான், அடுத்தவன்ர பொருளில நாங்கள் ஏறக்கூடாது,” என்றார். மனிசன் அப்படி ஒரு நேர்மை.

இப்போது சண்டை முடிந்து இரண்டு வருசம். புத்தளத்திலிருந்து திரும்பி வந்திருக்கிற வஸீர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். காரை எடுக்கத்தான் வருகிறார், வேறென்ன! எஞ்சின் புகைக்கிறதே, திருத்திக் கொடுப்போம் என்று பிரித்த இடத்தில்தான் றெனால்ட் வந்து சேர்ந்தான்.

“இருந்தபடி குடுக்கிறதை விட, இன்னும் நல்லாக்கிக் குடுத்தால் எப்பிடி?” என்று மனைவியிடம் கேட்டார்.

“விசரே உங்களுக்கு?” என்றாள் எடித். “ஆற்றையோ சாமான் எண்டு பெத்த பிள்ளையை ஏத்தாத மனிசன், இப்ப அதை வெட்டப் போறியளோ?”

இரும்பு கடைகிற லேத் வைத்திருக்கிற கனகரத்தினமும் மறித்துத்தான் பார்த்தார். “நாயகம், வெட்டித் தருவன். வெட்டினதைத் திருப்பி ஒட்டித் தரமாட்டன். வடிவா யோசி.”

இரண்டு நாள் யோசித்தார். வஸீர் அதை ஓட்டிப் பார்க்கும்போது முகம் எப்படி மலரும் என்றுதான் யோசித்தார், எஞ்சினைப் பற்றி அல்ல. மூன்றாம் நாள், “வெட்டு,” என்றார்.

மீன் தராசு பன்னிரண்டு கிலோ முந்நூறு காட்டியது. றெனால்ட் கைதட்டினான். மொத்தப் பாரத்தை நிறுத்தார்களே தவிர, எந்தப் பக்கத்தில் எவ்வளவு போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாளை மீனுக்கு அது போதும். சுழல்கிற இரும்புக்குப் போதாது.

பூட்டி ஸ்ராட் பண்ணினார்கள். எஞ்சின் சீறியது. கார் முழுக்கக் குலைப்பன் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. ஒரு கதவு தானாகத் திறந்தது.

“ஒரு பக்கம் பாரம் கூடிப்போச்சு மாமா. மற்றப் பக்கமும் கொஞ்சம் சீவுவம்.”

சீவினார்கள். இரண்டு கதவும் திறந்தன.

“இன்னும் கொஞ்சம்...”

மூன்றாம் தரம் கனகரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, இதுக்கு மேல சீவினால் பென்சில்தான் மிஞ்சும்.”

நடுக்கம் ஒருவழியாகக் குறைந்தது. ஆனால் மெதுவாக ஓடவிட்டால் எஞ்சின் நின்றுபோனது. சுற்றை இழுத்துக்கொண்டு போக உள்ளே பாரம் இல்லை. றெனால்ட் பெற்றோலைக் கூட்டிவிட்டான். அது போட்ட கூச்சலில் அயலட்டைக் கோழி ஒன்றும் மூன்று நாள் முட்டையிடவில்லை.

சனிக்கிழமை எடித்தை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனார். தார் றோட்டில் பறந்தது உண்மைதான். மணலில் இறக்கியதும் திணறியது. அமிர்தநாயகம் காலால் அமத்தினார். ‘டங்’ என்று ஒரு சத்தம். நாலு பேர் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்தால், கிராங் இரண்டு துண்டு.

எடித் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

“பேசன் எடித். ரெண்டு பேச்சாவது பேசன்.”

“என்னத்தைப் பேச? இருவத்தொரு வருசம் காத்தனீங்கள். ஒரு கிழமை சும்மா இருக்க ஏலாமல் போச்சு.”

அவர் முற்றத்து மணலில் குந்தியிருந்து அழுதார். ஷெல்லுக்கும் துருவுக்கும் தப்பினதை என் கையாலேயே கொன்றுபோட்டேனே, இனி வஸீரின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று வாய்விட்டு அழுதார். றெனால்ட் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஞாயிறு மத்தியானம் வஸீரும் மனைவி ஹிதாயாவும் வந்தார்கள். வஸீருக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடித்த அமிர்தநாயகம் விடவேயில்லை. விட்டால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“வஸீர், என்னை மன்னிச்சுக்கொள். உன்ர காரை நான் நாசமாக்கிப்போட்டன்.”

வஸீர் முழித்தார். முற்றத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற காரையும், சாக்கில் கிடந்த இரண்டு இரும்புத் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அமிர்தநாயகம் தாட்டதிலிருந்து முறிந்தது வரைக்கும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தார்.

“உன்ர சாமானை உன்னட்டயே குடுக்கவேணுமெண்டு நேற்று வரைக்கும் ஒரு நாளும் நாங்கள் அதில ஏறி ஓடேல்லை வஸீர். கடைசியில இப்பிடிச் செய்துபோட்டன்.”

அன்றைக்குப் போலவே இன்றைக்கும் வஸீருக்குப் பேச்சு வரவில்லை. ஹிதாயாதான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அண்ணன், அது உங்களுக்கெண்டே தந்ததெல்லோ. ‘நாங்கள் இனி எப்ப வாறமோ, நாயகத்தின்ர பிள்ளையளாவது ஏறி ஓடட்டும்’ எண்டு வள்ளத்தில வச்சு என்னட்டச் சொல்லிச் சொல்லி அழுதவர்.”